பையில் காற்று இருந்தது, வண்டி மட்டும் விழுந்தது: ஓர் ஏர் ஜாக்கி விபத்தின் ஆய்வு

ரப்பர் பைகளில் காற்று ஊதி வண்டியைத் தூக்கும் ஏர் ஜாக்கியிலிருந்து ஒரு வண்டி இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டால் பட்டறையில் யாரும் முதலில் சொல்வது, "பை வெடிச்சிருக்கும்." இல்லையென்றால் ஹோஸ் கழன்றிருக்கும், வால்வ் கசிந்திருக்கும். இங்கே சொல்லப்போகும் விபத்தில் இவற்றில் எதுவும் நடக்கவில்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தபோதும் பக்கத்தில் ஜாக்கியின் மூன்று பைகளும் முழுதாக ஊதி நின்றன. பட்டறை உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் காரணத்தைத் தேடிப் பார்த்தேன். ஏர் ஜாக்கி வைத்திருக்கும் எல்லாருக்கும் பயன்படும் என்று தோன்றுவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நடந்தது

வண்டி ஒரு பயணிகள் வேன். எடை 2 டன்னுக்குக் கொஞ்சம் மேல். தனிச் சேஸி இல்லாமல் பாடியே சட்டமாக இருக்கும் வகை. முன்பக்க இடது சக்கரத்தில் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு) மாற்ற வேண்டும். ஜாக்கி, மூன்று ரப்பர் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வகை. அடியில் நான்கு சின்னச் சக்கரங்கள், மேலே வட்டமான ரப்பர் பேட், நீளமான கைப்பிடி. கைப்பிடியின் நுனியிலேயே காற்று ஏற்றும் இறக்கும் வால்வ். லேபிளில் 3 டன் என்று போட்டிருந்தது.

மெக்கானிக் நல்ல அனுபவசாலி. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தார். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருந்தார். வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திக்கொண்டார். கம்பெனி குறித்திருந்த ஜாக்கி பாயின்ட்டில்தான் பேடை வைத்தார். வால்வைத் திறந்ததும் சில நொடிகளில் வண்டி எழுந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றி ஹெல்பரிடம் கொடுத்தார். அந்தப் பையன் அதைப் படுக்கவைத்துப் பாடிக்கு அடியில் தள்ளிவிட்டான்.

பால் ஜாயின்ட் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பானர் கம்பியில் ஒரு பைப்பை மாட்டி இழுத்தார். முதல் இழுப்பில் அசையவில்லை. மறுபடி பலமாக இழுத்து விட்டபோது ஜாக்கி படீரென்று வெளியே துள்ளியது, வண்டி இறங்கியது. பையன் தள்ளிவைத்த சக்கரத்தின்மேல் பாடி உட்கார்ந்துகொண்டதால் பிரேக் டிஸ்க் தரையைத் தொடவில்லை. பைப்புக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மெக்கானிக்கின் இரண்டு விரல்கள் நசுங்கித் தையல் போட வேண்டியிருந்தது. எலும்பு தப்பியது. அடியில் சக்கரம் இல்லாமலிருந்து, அவர் கை வீல் ஆர்ச்சுக்குள் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

தூக்கிய வண்டியைத் தாங்க அடியில் நிறுத்தும் இரும்பு ஸ்டாண்ட் எங்கே என்று கேட்பீர்கள். கைக்கெட்டும் தூரத்திலேயே நின்றுகொண்டிருந்தது, யாரும் தொடாமல். அதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். மெக்கானிக்கின் அலட்சியம் என்று முடித்துவிட்டால் அந்தக் காரணம் வெளியே வராமலே போயிருக்கும்.

காற்றைச் சோதித்தோம்

யாரும் ஜாக்கியை நகர்த்தாமல் வைத்திருந்தது பெரிய உதவி. முதலில் எல்லோரும் சந்தேகப்பட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தோம். பைகளை ஊதி, மடிப்புகள், ஹோஸ் இணைப்பு, வால்வ் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழி கூட வரவில்லை. காற்றேற்றி அரை நாள் விட்டும் உயரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையவில்லை. கசிவு இல்லை என்பது உறுதியானது.

இங்கே ஒரு சின்ன விஷயம். வேகமாகக் காற்றேற்றும்போது பைக்குள் காற்று கொஞ்சம் சூடாகும். பிறகு ஆறும்போது சுருங்கும். காற்றின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கன அளவில் சுமார் 3 சதவீதம் குறையும். எனவே தூக்கியபின் வண்டி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தானாகத் தாழ்ந்தால் அது கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் தாழ்கிற சுமைக்கு அடியில் கை வைக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்து பாரம் அதிகமா என்று பார்த்தோம். அந்த மூலையில் வந்திருக்கக்கூடிய எடை சுமார் 700 கிலோ. ஜாக்கியின் தாங்கும் திறனில் கால் பங்குதான். அதனால் அதுவும் இல்லை. இந்தக் கால் பங்கு என்பதே பின்னால் வேறு விதமாகத் திரும்பி வந்தது.

மூன்று தடயங்கள்

தரையில் கான்கிரீட் பலகைகள் சேருமிடத்தில் ஒரு நீள இடைவெளி இருந்தது. அதை அடைத்திருந்த தார் பெயர்ந்து, விரல் ஆழத்துக்குப் பள்ளம். வண்டியின் நீளவாக்கிலேயே ஓடியது அந்தப் பள்ளம். ஜாக்கியின் இரண்டு சக்கரங்கள் அதில் இறங்கியிருந்ததற்கு அடையாளமாக ஓரத்தில் புதிதாகப் பெயர்ந்த சிமென்ட் துணுக்குகள் கிடந்தன. மற்ற இரண்டு சக்கரங்கள் கான்கிரீட்டின்மேல் வெள்ளையாக ஒரு வளைந்த கீறல் போட்டிருந்தன. அவை உருளவில்லை, இழுபட்டிருக்கின்றன.

இரண்டாவது, ரப்பர் பேட். முழு வட்டத்திலும் எண்ணெய் கலந்த கறுப்பு அழுக்கு. ஒரு விளிம்பில் மட்டும் பிறை வடிவில் அழுக்கு துடைக்கப்பட்டு ரப்பர் பளபளவென்றிருந்தது. கடைசியில் வண்டியின் பாரம் பேடின்மேல் முழுதாக உட்காரவில்லை, அந்தப் பிறையில் மட்டும் நின்றிருக்கிறது.

மூன்றாவது, வண்டியின் அடி விளிம்பு. துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய மெழுகுப் பூச்சில் பேட் வழுக்கிய தடம், உள்ளிருந்து வெளியே நோக்கி ஒரே கோடாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள ரப்பரும் மெழுகு பூசிய தகடும் சேர்ந்தால் பிடிப்பு எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது கதை புரிந்தது. வண்டியை ஒரு பக்கம் தூக்கும்போது அது நேராக மேலே போவதில்லை. எதிர்ப்பக்க டயர் தரையைத் தொடும் இடத்தை மையமாக வைத்து ஒரு வில் போடுகிறது. தூக்கும் இடம் எதிர் டயரிலிருந்து 140 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 25 செ.மீ. உயர்த்தினால், அதே நேரத்தில் உள்பக்கமாகச் சுமார் 6 செ.மீ. நகர்ந்துவிடும். ஸ்பிரிங்கும் டயரும் விட்டுக்கொடுப்பதால் நிஜத்தில் கணக்கு அப்படியே வராது, ஆனாலும் நகர்வு கணிசமானது. ஏர் ஜாக்கிக்கு அடியில் சக்கரம் வைத்திருப்பது தள்ளிக்கொண்டு போக வசதியாக மட்டும் அல்ல. வண்டி உள்ளே நகரும்போது ஜாக்கியும் கூடவே உருண்டு போய்ச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

அன்றைக்குச் சக்கரங்கள் பள்ளத்தில் மாட்டிக்கொண்டன. அடிப்பகுதி அங்கேயே நிற்க, தலைப்பகுதி வண்டியோடு உள்ளே போனது. பைகள் சாய்ந்து வளைந்தன. பாரம் பேடின் ஒரு விளிம்புக்கு வந்தது. வெளியே நின்று பார்த்தால் மட்கார்டு மறைத்துவிடுவதால் இது கண்ணில் படாது. அதன்பின் பைப் போட்டு இழுத்ததில் வண்டி வெளியேயும் உள்ளேயும் ஆடியது. இழுத்துவிட்டு விட்ட கணத்தில் அது உள்பக்கமாகத் திரும்பப் போனது. பேட் வழுக்க அவ்வளவே போதுமாக இருந்தது.

காற்று எதைத் தரும், எதைத் தராது

பையின் கணக்கு எளிது. அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை. 30 செ.மீ. விட்டமுள்ள பைக்குப் பரப்பு சுமார் 707 சதுர செ.மீ. 8 பார் (ஒரு பார் என்பது சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம்) காற்றுக்குக் கணக்குப்படி 5 டன்னுக்கு மேல் தூக்க வேண்டும். அப்புறம் ஏன் லேபிளில் 3 டன்? பாதுகாப்புக்காக விடும் இடைவெளி ஒரு பக்கம் இருக்கட்டும். பை ஊதி உயர உயரப் பூசணிக்காய் போல உருண்டு, மேலேயும் கீழேயும் தட்டையாகத் தொடும் பரப்பு சுருங்கிவிடுகிறது. பரப்பு குறைந்தால் விசையும் குறையும். மீட்புப் பணியில் தீயணைப்புத் துறையினர் பயன்படுத்தும் உயர் அழுத்தத் தூக்குப் பைகளிலும் இதே கதைதான். லேபிளில் இருக்கும் டன் கணக்கு பை தட்டையாக இருக்கும்போதுதான். முழு உயரத்தில் அதில் சிறு பங்கே மிஞ்சும்.

இப்போது அந்தக் கால் பங்கு விஷயத்துக்கு வருவோம். 700 கிலோவைத் தாங்க அந்தப் பைக்குள் 1 பாரை ஒட்டிய அழுத்தமே போதும். கம்ப்ரஸரின் மீட்டர் 8 காட்டலாம், ஆனால் வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கும் பைக்குள் அவ்வளவு இருக்காது. பை தன் முழு உயரத்தை எட்டி இறுகும்வரை உள்ளே இருப்பது சுமைக்குத் தேவையான அழுத்தம் மட்டும்தான். குறைந்த அழுத்தமுள்ள பை பக்கவாட்டில் மெத்தென்று இருக்கும். கையால் தள்ளினாலே ஆடும். பெரிய ஜாக்கி என்றால் சின்ன வண்டிக்கு ரொம்பப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறார்கள். தூக்கும் பலத்துக்கு அது சரி, பக்கவாட்டு உறுதிக்குச் சரியல்ல. சில மாடல்களில் பைக்குள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் வைத்திருப்பார்கள், அது சாய்வைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். இந்த ஜாக்கியில் அது இல்லை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் முடிவு இதுதான்: காற்று வண்டியை மேலே தள்ளும், ஆனால் இருந்த இடத்தில் பிடித்து வைக்காது. கசிவைத் தேடுவதிலேயே நம் கவனமெல்லாம் போய்விடுகிறது, பக்கவாட்டு நகர்வை யாரும் பார்ப்பதில்லை.

காற்றால் இயங்கும் பாட்டில் ஜாக்கி வேறு ஜாதி. அதில் காற்று பம்பை ஓட்டுவதோடு சரி, பாரத்தைத் தாங்குவது எண்ணெய். எண்ணெய் அமுங்காது என்பதால் பை போல ஆடாது. ஆனால் அதன் தலை சின்னது, தண்டு மெல்லியது. சாய்வாகப் பாரம் வந்தால் தண்டு வளையும், சீல் போகும். சீல் போனால் சத்தமில்லாமல் இறங்கும். அதையும் தாங்கும் கருவியாக நினைக்கக் கூடாது.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்

அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் ஜாக்கி விதி, சுமை உயர்ந்தவுடனேயே கட்டை அடுக்கியோ வேறு வகையிலோ அதை நிலைப்படுத்தச் சொல்கிறது. 'உடனே' என்பதை அந்த விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். தரை உறுதியாக இல்லாவிட்டால் ஜாக்கிக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும். ஒரே இடத்தில் பயன்படும் ஜாக்கியை 6 மாதத்துக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும். அசாதாரணமான பாரமோ அதிர்ச்சியோ தாங்கிய ஜாக்கியை அதற்கு முன்பும் பின்பும் உடனே பரிசோதிக்க வேண்டும். அந்தக் கடைசி விதியை மனதில் வைத்துத்தான் இந்தப் பட்டறையின் ஜாக்கியையும் ஒதுக்கிவைக்கச் சொன்னேன். கசிவு இல்லாவிட்டாலும் மடிப்புகளில் நூலிழை அறுந்திருக்கலாம்.

மீட்புப் பணியாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஓர் அங்குலம் தூக்கினால் ஓர் அங்குலம் கட்டை அடுக்கு. பை ஏற ஏறப் பக்கத்திலேயே மரக்கட்டைகள் ஏறிக்கொண்டே வரும், எந்தக் கணத்திலும் சுமைக்கும் கட்டைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்காது. பைகளையும் இரண்டுக்கு மேல் அடுக்க மாட்டார்கள், பெரிய பை அடியில் போகும். பந்தயக் கார்களில் பாடியிலேயே ஏர் ஜாக்கி பொருத்தியிருக்கும், குழாயைச் சொருகியதும் கார் நொடியில் துள்ளி எழும். அங்கேயும் அடியில் வேலை என்றால் நீண்டிருக்கும் ஜாக்கித் தண்டில் பூட்டுத் துண்டு மாட்டியபின்தான் ஆள் நுழைவார்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள பஸ், லாரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சஸ்பென்ஷன் உயர்ந்து நிற்கிறதே என்று அடியில் நுழைபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் காற்றுப் பைதான். குழாய் கழன்றாலோ உயரக் கட்டுப்பாட்டு வால்வின் கம்பியை யாராவது தட்டிவிட்டாலோ பாடி அப்படியே அமரும். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு இதைக் குறித்துத் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. சேஸிக்குக் கீழே உறுதியான தாங்கி வைக்காமல் தலையை நீட்டக் கூடாது.

இன்னொன்று, கியரில் விட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கை. டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) உள்ள அச்சில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையிலிருக்கும் சக்கரம் மறுபக்கம் சுற்ற வழி கிடைத்துவிடும். கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். பல கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. பின்பக்கத்தை முழுதாகத் தூக்கிவிட்டால் ஹேண்ட்பிரேக்கால் பயன் இல்லை. கட்டையை எப்போதும் தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வைக்க வேண்டும்.

ஸ்டாண்ட் ஏன் வைக்கப்படவில்லை

மெக்கானிக்கிடம் இதைக் கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. "எங்கண்ணே வைக்கிறது? பாயின்ட்ல ஜாக்கி உக்காந்திருக்கே." அவர் சொன்னது உண்மை. தனிச் சேஸி இல்லாத வண்டிகளில் ஒவ்வொரு மூலைக்கும் கம்பெனி குறித்துக்கொடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு இடம். அந்த இடத்தில்தான் தகடு உள்ளே கெட்டியாக இருக்கும். பை ஜாக்கியின் பேடும் உடலும் அகலமானவை, வைத்தால் அந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஸ்டாண்டை வைத்தால் மெல்லிய தகடு நசுங்கும். நசுங்கினால் வண்டிக்காரர் சண்டைக்கு வருவார். பாதுகாப்பாக வேலை செய்ய நினைப்பவரையும் ஸ்டாண்டை ஓரமாக வைக்க வைப்பது இந்தச் சிக்கல்தான். "ஸ்டாண்ட் போடாமல் வேலை செய்யாதே" என்று சுவரில் எழுதி ஒட்டுவதால் இது தீராது.

பட்டறையில் அன்றுவரை வரிசை இப்படி: ஜாக்கியை வை, தூக்கு, ஸ்டாண்டுக்கு இடம் தேடு. இதைத் தலைகீழாக மாற்றினோம். முதலில் ஸ்டாண்ட் எங்கே நிற்கப்போகிறது என்று முடிவு செய்ய வேண்டும். ஜாக்கி மிச்சமிருக்கும் இடத்துக்குப் போகட்டும். அந்த வேனின் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால், சப்ஃப்ரேம் (பாடிக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டிய துணைச் சட்டம்) பின்பக்கமாகப் பாடியோடு சேரும் போல்ட்டின் அடியில் இன்னொரு தாங்கும் இடம் படத்தோடு குறிக்கப்பட்டிருந்தது. பட்டறையில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. ஜாக்கி வழக்கமான பாயின்ட்டில், ஸ்டாண்ட் சப்ஃப்ரேமில். இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை.

வைத்தால் மட்டும் போதாது. காற்றை மெதுவாக இறக்கி, பாரம் முழுதும் ஸ்டாண்டில் உட்கார்ந்து, பை தளர்ந்தது தெரிய வேண்டும். பாதிப் பாரம் பையிலும் பாதி ஸ்டாண்டிலும் இருப்பது மோசமான நிலை. பை கொஞ்சம் விரிந்தாலே வண்டியை ஸ்டாண்டிலிருந்து கிளப்பிவிடும். அப்புறம், அடியில் போவதற்கு முன் பாடியில் கை வைத்து நன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆடி விழுவதானால் யாரும் அடியில் இல்லாதபோதே விழட்டும். கழற்றிய சக்கரத்தை அடியில் தள்ளும் அந்தப் பையனின் பழக்கத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கினோம். அது ஸ்டாண்டுக்கு மாற்றல்ல, கூடுதல் காவல்.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவி விற்பனை நிறுவனம் லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. ஸ்டாண்டின் தண்டில் உள்ள பல்லும், தண்டு இறங்காமல் அதைப் பிடிக்கும் நாக்கும் சரியாகப் பொருந்தாமல், பாரத்தோடு இருக்கும்போதே நழுவ வாய்ப்பு இருந்தது. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றையும் வெல்டிங் கோளாறு என்று அதே ஆண்டில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பல்லும் நாக்கும் உள்ள வகையானால், உயர்த்தியபின் நாக்கு முழுதாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கைப்பிடியை ஒரு முறை கீழே அழுத்த வேண்டும். குறுக்கே கெட்டியான பின் சொருகும் வகையே எனக்கு மனதுக்கு நிம்மதி. லேபிளில் உள்ள டன் ஒரு ஸ்டாண்டுக்கா, ஒரு ஜோடிக்கா என்பதையும் படித்துவிடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் தாங்கலுக்கு வைக்காதீர்கள். அவை விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

இறுகிய போல்ட்டை என்ன செய்வது? வண்டி தரையில் நிற்கும்போது எட்டுகிற போல்ட் எதுவானாலும் அப்போதே ஒரு சுற்று தளர்த்திவிட வேண்டும். எட்டாததற்கு ஸ்டாண்டில் ஏற்றியபின்தான் கம்பி. அதிலும் பைப் போட்டுத் தொங்குவதற்கு முன் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட வேண்டும். அந்த வேனின் பால் ஜாயின்ட் போல்ட் ஓர் இரவு ஊறியபின், ஸ்டாண்டில் நின்ற வண்டியில், பைப் இல்லாமலே வந்துவிட்டது.

தரையிலிருந்த பள்ளத்தை மறுபடி அடைத்து மட்டமாக்கினார்கள். புது ஜாக்கியின் பேடை தினமும் சோப்பு போட்டுத் துடைக்கிறார்கள், வண்டியின் ஜாக்கி பாயின்ட்டில் மெழுகோ மண்ணோ இருந்தால் சுரண்டிவிட்டுத்தான் தூக்குகிறார்கள். தூக்கும்போது ஒருவர் வால்வைப் பிடிக்க, இன்னொருவர் தள்ளி நின்று, குனிந்து ஜாக்கியின் சக்கரங்கள் உருள்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறார். உருளவில்லை என்றால் உடனே இறக்கிவிடுகிறார்கள். அடிக்கடி வரும் மாடல்களுக்கு ஸ்டாண்ட் நிற்கும் இடத்தை அட்டையில் வரைந்து மாட்டியிருக்கிறார்கள். சில மாடல்களுக்கு இரண்டாவது தாங்கும் இடம் இன்னும் கிடைக்கவில்லை. அவை வந்தால் ஏர் ஜாக்கியை எடுப்பதில்லை, காத்திருக்க நேர்ந்தாலும் இரு தூண் லிஃப்டில்தான் ஏற்றுகிறார்கள்.